முப்பத்தோராம் பக்கத்து மாமியார்கள்

மாமியாரைப் பற்றி அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை புலம்பாத மருமகள் ஒருத்தி இருந்தாள் என்றால் நம்புவீர்களா? இருந்தாள். வாயைத் திறந்து யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. அச்சடித்து மூவாயிரம் பிரதி போட்டதோடு சரி.

அவள் வேலை அப்படி. பெரியவர்கள் ஆங்கிலம் பழகுவதற்குப் பயிற்சிப் புத்தகம் போடும் ஒரு சின்ன நிறுவனத்தில் அவள் வாக்கியம் எழுதுகிறவள். மூன்றாம் மாடி, நாலு மேசை, ஒரே ஜன்னல், சூடாகிவிட்டால் தானே நின்றுவிடும் பிரிண்டர். ஒரு வினைச்சொல்லைக் கையில் கொடுப்பார்கள். அது எந்தெந்தச் சொல்லுக்குப் பின்னால் எப்படி வந்து உட்காருகிறது என்று காட்ட இருநூற்று நாற்பது வாக்கியம் எழுத வேண்டும். பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் நூற்றிருபது. 'அண்ட்', 'பட்', 'ஆர்' என்று இரண்டு பேச்சை ஒட்டவைக்கும் இணைப்புச் சொற்களுக்குப் பின்னால் நூற்றிருபது. படிக்கிறவர்கள் அதையே திரும்பத் திரும்பச் சொன்னால் நாக்கு தானாகப் பழகிவிடும் என்பது முதலாளியின் நம்பிக்கை.

முதலாளிக்கு ஆபீசில் 'முற்றுப்புள்ளி' என்று பேர். எந்தப் பேச்சையும் நாலு வார்த்தையில் முடித்துவிட்டு எழுந்து போய்விடுவார். அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான்: எந்த வாக்கியத்தையும் வேறு புத்தகத்திலிருந்தோ இன்டர்நெட்டிலிருந்தோ எடுக்கக் கூடாது. "கண்ணால பார்த்ததை எழுதுங்க. திருடாதீங்க," என்பார். அதற்கு மேல் கேட்க அங்கே ஆள் இருக்க மாட்டார்.

அந்த முறை அவள் பங்குக்கு வந்தது 'கீப்'. ஒரு பொருளை வைத்திருப்பது, காப்பாற்றுவது, விடாமல் ஒன்றைச் செய்துகொண்டே இருப்பது என்று எல்லா வேலைக்கும் ஆங்கிலத்தில் இந்த ஒரே சொல்லைத்தான் கூப்பிடுகிறார்கள். வீட்டில் சொன்னபோது அவள் புருஷன் களுக்கென்று சிரித்தான். நம் ஆட்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் வேறு ஞாபகம்தானே வரும். "அது பெயர்ச்சொல். இது வினைச்சொல்," என்று அவள் பார்த்த பார்வையில் சிரிப்பு பாதியிலேயே அடங்கிவிட்டது.

எழுத உட்கார்ந்த அன்று காலையில்தான் வீட்டில் கத்தரிக்கோல் விவகாரம். மாமியார் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் இருபத்துமூன்று வருஷமாகத் தையல்காரி. வீட்டிலும் ஜன்னலோரம் ஒரு மெஷின் உண்டு. அவருடைய துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து மருமகள் பால் பாக்கெட்டை வெட்டிவிட்டாள். தையல்காரர் வீட்டில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், கொலைக்குக்கூட மன்னிப்பு உண்டு, இதற்குக் கிடையாது. மாமியார் கத்தவில்லை. கத்தரிக்கோலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், துடைத்தார், அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பூட்டுகிற சத்தம் பஸ் ஏறிய பிறகும் மருமகள் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கண்ணால் பார்த்ததைத்தானே எழுத வேண்டும்? எழுதினாள்: 'மாமியார்கள் கத்தரிக்கோலைப் பூட்டி வைப்பார்கள்.' பன்மை எதற்கு என்றால், அந்தப் பாடத்தில் வினைச்சொல்லுக்கு 'எஸ்' என்று வால் எதுவும் முளைக்கக் கூடாது. அதற்கு முன்னால் வருகிறவர்கள் ஒருவருக்கு மேல் இருந்தாக வேண்டும். இப்படியாக, வீட்டில் இருந்த ஒரே ஒரு மாமியார் ஒரு நொடியில் உலகத்து மாமியார்கள் அத்தனை பேருமாகிவிட்டார்.

அப்புறம் மடை திறந்துகொண்டது. மாமியார்கள் நல்ல கோப்பைகளை விருந்தாளிகளுக்கென்று எடுத்து வைப்பார்கள். மாமியார்கள் மகனுடைய பள்ளிக்கூடச் சட்டையை முப்பது வருஷமானாலும் வைத்திருப்பார்கள். மாமியார்கள் சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் இருபத்தேழு வாக்கியம். அவளுக்கு உடம்பே லேசாகிவிட்டது. வாயால் சொல்லியிருந்தால் புறம் பேசினாள் என்று ஆகியிருக்கும். இதற்குச் சம்பளமும் கிடைக்கிறது, பாருங்கள்.

முற்றுப்புள்ளி வந்து தாளைப் புரட்டினார். "இருபத்தேழு மாமியார். நாலு போதும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மீதி இருபத்துமூன்றைத் தூக்கிப் போட அவளுக்கு மனசு வரவில்லை. வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு, மாமியார்கள் இருந்த இடத்தில் தையல்காரிகள், பக்கத்து வீட்டுக்காரர்கள், விதவிதமான பெண்மணிகள் என்று மாற்றிப் போட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் படிக்கப் போவது முகம் தெரியாத எவரோ, நமக்கென்ன என்று இருந்துவிட்டாள்.

இணைப்புச் சொல் பகுதியை அவள் ஆபீசில் எழுதவில்லை. மறு வாரமே மாடிப்படியில் வழுக்கிக் கணுக்கால் எலும்பு உடைந்து, மூன்று வாரம் வீட்டில் படுக்கை. வலி மாத்திரை போட்ட தூக்கக் கலக்கத்தில் மடியில் ஒரு பலகையை வைத்துக்கொண்டு எழுதி, புருஷன் கையில் கொடுத்தனுப்பினாள். என்ன எழுதினோம் என்பதே அவளுக்கு மறந்துபோனது.

புத்தகம் வந்தது. விற்றது. எட்டு மாசம் ஓடிப்போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாமியார் வேலையிலிருந்து வந்து, கைப்பையிலிருந்து நீல அட்டைப் புத்தகம் ஒன்றை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். மருமகள் கடித்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். தவளைக்குத் தன் வாயே எமன் என்று சும்மாவா சொல்லிவைத்தார்கள்?

விஷயம் இதுதான். தையல் பிரிவின் சூப்பர்வைசர் ஓய்வு பெறுகிறார். அடுத்தது மாமியார்தான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. நாற்பத்தெட்டு மெஷின், எந்த மெஷினில் எப்போது ஊசி மாற்றினார்கள் என்பதுகூட அவருக்கு அத்துப்படி. ஆனால் புது நிர்வாகம் ஒரு கொக்கி போட்டுவிட்டது. ஆர்டரெல்லாம் ஆங்கிலத்தில் வருகிறதாம், சூப்பர்வைசர் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசியாக வேண்டுமாம். தலைமை அலுவலகத்து அதிகாரி ஒருவர் நேரில் வந்து பேசிப் பார்ப்பார். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை. தேறாவிட்டால் வெளியிலிருந்து ஆள் வரும். அதற்காக வேலை முடிந்ததும் செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் தொழிற்சாலையிலேயே வகுப்பு.

"உங்க ஆபீஸ் புஸ்தகமாமே இது?" என்றார் மாமியார். "டீச்சர் சொன்னாங்க. என் மருமக அங்கதான் வேலை செய்யறான்னு சொன்னேன். வகுப்பே திரும்பி என்னைப் பார்த்துச்சு."

பெருமை முகத்தில் வழிந்தது. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அந்த முகத்தில் தன்னை வைத்து அப்படியொரு வெளிச்சத்தை மருமகள் பார்த்ததில்லை. வேறு நேரமாக இருந்தால் குளிர்ந்துபோயிருப்பாள்.

"இதுல நீ எழுதினது எது?"

"நான் பிழை மட்டும்தான் பார்ப்பேன் அத்தை," என்றாள். பொய். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

புத்தகத்தில் வினைச்சொற்கள் வரிசையாக வரும். கெட், கிவ், கோ, ஹேவ், அப்புறம் கீப், முப்பத்தோராம் பக்கம். வகுப்பு அங்கே வந்து சேர இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தது. அதுவரை மருமகள் ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள், குற்ற உணர்ச்சியில் கொஞ்சம் அதிகமாகவே. ஆனால் மாமியாருக்கு ஒன்றும் நாக்கில் நிற்கவில்லை. முதல் பாடங்களை எழுதியவர் ஆபீசில் பக்கத்து மேசைக்காரர். செய்தித்தாளைத் தவிர வேறெதையும் கண்ணால் பார்க்காத மனிதர். 'கமிட்டிகள் பரிந்துரைகளைத் தருகின்றன' என்று எழுதி வைத்திருந்தார்.

"கமிட்டின்னா யாரு? எப்படி இருப்பாங்க?" என்று கேட்டார் மாமியார்.

"கூடிப் பேசறவங்க அத்தை."

"பார்த்தே இல்லாத ஆளைப் பத்தி எனக்கு எப்படிம்மா வாய்ல வரும்?" என்று கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். மெஷின் முன்னால் உட்கார்ந்தால் ராணி மாதிரி இருப்பவர், அந்தப் புத்தகத்தின் முன்னால் கூனிக் குறுகிப்போனார். இருந்தாலும் விடவில்லை. காலையில் பல் விளக்கும்போதும் கமிட்டி, கமிட்டி என்று முணுமுணுப்பு கேட்கும்.

முப்பத்தோராம் பக்கம் வரப்போகிற வியாழக்கிழமை வந்தது. முந்தின நாள் மருமகள் புருஷனிடம் ஆலோசனை கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது.

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சுடு," என்றான் அவன்.

"பக்கத்துல நம்பர் போட்டிருக்குங்க. முப்பதுக்கு அப்புறம் முப்பத்தஞ்சு வந்தா உங்க அம்மாவுக்குத் தெரியாதா?"

"அப்ப டீயைக் கொட்டிடு."

"நாலு பக்கத்துக்கும் டீ கொட்டணும்னா குடத்துலதான் போடணும்."

"எழுதும்போது என்கிட்ட கேட்டியா?" என்று அவன் போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டான். அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மாட்டினவனுக்கு அதைவிட நல்ல இடம் ஏது?

ஆகவே வியாழக்கிழமை காலையில் மாமியார் குளிக்கப் போன சமயம், மெஷின் மேலிருந்த புத்தகத்தை எடுத்துத் தன் ஆபீஸ் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஒரு நாள் வகுப்பு போனால் போகிறது, அடுத்த பாடத்துக்குப் போனதும் 'இதோ கிடைச்சுடுச்சு' என்று எடுத்துக் கொடுத்துவிடலாம் என்பது திட்டம். மடியில் கனம் இருந்தால் வழியெல்லாம் பயம்தான். பஸ்ஸில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டே போனாள்.

ஆபீசில் முற்றுப்புள்ளியிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தாள். அச்சான வாக்கியத்தை மாற்ற வழி உண்டா?

"தப்பு இருந்தா திருத்தச் சீட்டு ஒட்டலாம். தப்பு இருக்கா?"

அவள் யோசித்தாள். எழுத்துப் பிழை இல்லை. இலக்கணப் பிழை இல்லை. நடந்தது எல்லாமும் நடந்ததுதான். "இல்ல சார்," என்றாள்.

"அப்ப போங்க."

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், மாமியார் வகுப்புக்குப் போகவில்லை. புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டோம் என்று மத்தியானம் அனுமதி கேட்டுக்கொண்டு எடுக்க வந்தவர், கிடைக்காமல் தேட ஆரம்பித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். வீடு தலைகீழாகக் கிடந்தது. மெஷின் டிராயர் மூன்றும் தரையில். துணி மூட்டைகள் பிரிந்து கிடந்தன. பட்டன் டப்பாவைக்கூடக் கவிழ்த்திருந்தார்.

"மெஷின் மேலதான் வச்சேன். வச்ச ஞாபகம் இருக்கு," என்றார்.

"எங்கயாவது இருக்கும் அத்தை," என்றாள் மருமகள். பை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமையும் தேடினார். சனிக்கிழமை சாயங்காலம் தேடுவதை நிறுத்திவிட்டார். மகன் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசியது சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தவள் காதில் விழுந்தது.

"எனக்கு மறதி வந்துடுச்சுடா. உங்க பாட்டி கடைசி காலத்துல இப்படித்தான் ஆரம்பிச்சாங்க. கையில வச்ச பொருளை எங்க வச்சேன்னு தெரியல. நாளைக்கு நாப்பத்தெட்டு மெஷினை நான் எப்படிப் பார்ப்பேன்? வேற ஆளைப் போட்டுக்கட்டும்."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா," என்றான் மகன். அவனுக்குப் புத்தகம் எங்கே இருக்கிறது என்பது தெரியாது. மனைவி அவனிடம்கூடச் சொல்லவில்லை.

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மருமகள் ஒரே தட்டைத் திரும்பத் திரும்பத் தேய்த்தாள். புத்தகத்தைத்தான் மறைத்தோம் என்று நினைத்திருந்தாள். அந்த அம்மாளுக்குத் தன் புத்தி மேலேயே சந்தேகம் வந்துவிட்டது என்பது இப்போதுதான் உறைத்தது. அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இருந்தும் அந்த நிமிஷம் வாய் திறக்க வரவில்லை. கோழைத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

அளவு மறுநாள் காலையில் வந்தது. மாமியார் தலையை வாரிக்கொண்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

"ஒரு தாள் எடுத்துட்டு வாம்மா. 'எனக்குச் சூப்பர்வைசர் வேலை வேண்டாம், பரீட்சைக்கு வரல'ன்னு எழுதணும். நாளைக்குக் குடுத்துடறேன். நீதான் பிழையில்லாம எழுதுவ, நீயே எழுதிக் குடு."

வாக்கியம் எழுதிப் பிழைக்கிறவளுக்கு வந்த வேலையைப் பாருங்கள். அவள் உள்ளே போனாள். தாளுக்குப் பதிலாக நீலப் புத்தகத்தோடு வந்து மேசையில் வைத்தாள்.

"உங்களுக்கு மறதி இல்ல அத்தை. நான்தான் எடுத்து ஒளிச்சு வச்சேன். வியாழக்கிழமை காலையில."

மாமியார் புத்தகத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "எதுக்கு?"

"முப்பத்தோராம் பக்கம் நான் எழுதினது. அதை நீங்க படிக்கக் கூடாதுன்னு."

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தைத் திருப்பினார். முதல் வரியில் விரலை வைத்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார். பாதி சொல்லுக்கு அர்த்தம் தெரியவில்லை. "இதுக்கு என்ன அர்த்தம்? சொல்லு," என்றார்.

இதைவிட ஒரு தண்டனையை எந்தக் கோர்ட்டும் கொடுத்திருக்க முடியாது. தான் திட்டியதைத் தானே, திட்டு வாங்கினவர் எதிரில் நின்று, தமிழில் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்.

"மாமியார்கள்... கத்தரிக்கோலைப் பூட்டி வைப்பார்கள்."

"ஆமா. பால் பாக்கெட் வெட்டினா பூட்டத்தான் செய்வேன். அடுத்தது?"

"மாமியார்கள் நல்ல கோப்பைகளை விருந்தாளிகளுக்கென்று எடுத்து வைப்பார்கள்."

"பன்னிரண்டு இருந்துச்சு. இப்ப எட்டு. அதை எழுதலையே நீ."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். அந்த வீட்டில் உடைத்தது முழுக்க மருமகள்தான் என்பதால் அந்தப் பழமொழியைக்கூட அவளால் துணைக்குக் கூப்பிட முடியவில்லை.

"மாமியார்கள் சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள்."

"ஒரு தடவை சொன்னா நீ கேட்கறது இல்ல. கேட்டா நான் ஏன் ரெண்டாந்தடவை சொல்றேன்? அடுத்தது."

"தையல்காரிகள் குண்டூசியை வாயில் வைத்துக்கொண்டே பேசுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பிஸ்கட் டப்பாவில் பட்டன் வைத்திருப்பார்கள்."

மாமியாரின் விரல் நின்றது. "எந்தப் பக்கத்து வீடு? அவங்க வீட்ல தையல் மெஷினே கிடையாதே."

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். "அதுவும் நீங்கதான் அத்தை. ஒரே பேர் திரும்பத் திரும்ப வரக் கூடாதுன்னு ஆபீஸ்ல சொன்னாங்க."

"அப்ப இந்தப் பக்கத்துல இருக்கிற எல்லாருமே நான்தானா?"

"ஏறக்குறைய."

மாமியார் மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். உதட்டோரத்தில் ஏதோ துடித்தது. சிரிப்பா, கோபமா என்று மருமகளுக்குப் பிடிபடவில்லை. பக்கத்தைத் திருப்பினார். இணைப்புச் சொற்கள். எழுதியவளுக்கே ஞாபகமில்லாத பகுதி.

"இதையும் சொல்லு."

அவள் குனிந்து பார்த்தாள். முதல் வரியை ஒரு தடவை தனக்குள் படித்துவிட்டுச் சொன்னாள். "அவர்கள் திட்டுவார்கள், ஆனால் சூப்பைச் சூடாகவே வைத்திருப்பார்கள்."

மாமியாரின் விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது.

"அவர்கள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, அதை யாருக்கும் சொல்லாமல் வைத்திருப்பார்கள்... வலியில் நாம் அழுதால், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டு தைத்துக்கொண்டே இருப்பார்கள்... நம் தூக்கம் கெடும் என்று மெஷினை நிறுத்திவிட்டு, கையால் தைத்துக்கொண்டே இருப்பார்கள்..."

கால் உடைந்து கிடந்த அந்த மூன்று வாரம் அப்படியே பக்கத்தில் கிடந்தது. மாத்திரை மயக்கத்தில் எழுதினாலும் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறாள். பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் கோபத்தில் வைத்ததற்கெல்லாம், 'ஆனால்'களுக்குப் பின்னால் அவளே அறியாமல் பதில் சொல்லி வைத்திருந்தாள். இருபது வரி படித்ததும் அவளால் முடியவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"இந்த 'அவங்க' யாரு?" என்று கேட்டார் மாமியார்.

"நீங்கதான் அத்தை."

மாமியார் கண்ணாடியைக் கழற்றினார். நிதானமாகத்தான் பேசினார். "திட்டினதுக்குக் கோபம் இல்ல. எனக்கு எங்க அத்தை மேல இருந்ததை எழுதினா இந்தப் புஸ்தகம் பத்தாது. ஆனா மூணு நாளா எனக்குப் புத்தி கலங்கிடுச்சுன்னு நான் பயந்தேன். நீ பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டு இருந்த. அதுதான் எனக்குப் பொறுக்கல."

எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். அன்றைக்கு முழுக்கப் பேச்சில்லை. பேசாமல் இருந்தால் பரவாயில்லை, தட்டில் அவளுக்கு வழக்கம்போல முட்டையும் வைத்தார். அது இன்னும் வலித்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் மருமகள் ஆபீசிலிருந்து வந்தபோது மெஷின் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டிருந்தது. மேலே புத்தகம்.

"உக்காரு," என்றார் மாமியார். "சனிக்கிழமைக்கு அஞ்சு நாள்தான் இருக்கு. அந்தக் கமிட்டிக்காரங்களை விடு. முப்பத்தோராம் பக்கத்துலருந்து ஆரம்பி."

அப்புறம் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். மூன்று வாரம் நாக்கில் நிற்காத ஆங்கிலம் மூன்று நாளில் நின்றது. கத்தரிக்கோல் தெரியும், கோப்பை தெரியும், பட்டன் டப்பா தெரியும். அவர் பார்க்காத எதுவும் அந்தப் பக்கங்களில் இல்லை. மனப்பாடம் பண்ண வேண்டிய அவசியமே இருக்கவில்லை. புதன்கிழமைக்குள் சொந்தமாகவே கட்ட ஆரம்பித்துவிட்டார். 'மருமகள்கள் ஈரத் துண்டைக் கட்டில் மேல் வைப்பார்கள்' என்று சொல்லிவிட்டு, சரியா என்று கேட்டார். ஒரு பிழை இல்லை. 'மகன்கள் வீட்டில் என்ன நடந்தாலும் தூங்கிக்கொண்டே இருப்பார்கள்' என்றார் இன்னொரு நாள். புருஷன் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டான். பழிக்குப் பழி என்று தோன்றினாலும் மருமகளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எல்லாவற்றுக்கும் 'சரி அத்தை' என்று தலையாட்டினாள்.

ஆனால் உள்ளே பயம் தீரவில்லை. வகுப்பில் ஒரு நாள் போனது அவளால். தேறாமல் போனால் அது ஆயுசுக்கும் அவள் கணக்கில்தான். மாமியார் அதைப் பற்றி ஒரு வார்த்தை மறுபடி எடுக்கவில்லை. மன்னித்துவிட்டாரா, ஒத்திப் போட்டிருக்கிறாரா என்பதும் தெரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

சனிக்கிழமை இருவரும் ஒன்றாகப் பஸ் ஏறினார்கள். தொழிற்சாலை மாடியில் ஒரு சின்ன அறை. வெளியே தைத்து முடித்த சீருடைகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அதன் கீழே ஒரு பெஞ்சில் மருமகள் உட்கார்ந்தாள். பதினைந்து நிமிஷம் என்றார்கள். பதினைந்து போனது. இருபத்தைந்து போனது. உள்ளே ஒரு முறை சிரிப்புச் சத்தம் கேட்டது, ஆண் குரல். நல்ல சிரிப்பா, கேலிச் சிரிப்பா? அப்புறம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அவள் தொங்குகிற சீருடைகளின் பட்டன்களை எண்ண ஆரம்பித்து, எண்ணிக்கை தவறி, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

நாற்பது நிமிஷம் கழித்து மாமியார் வெளியே வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நேராகப் போய்த் தண்ணீர் குடித்தார். "வா, பஸ் போயிடும்," என்று படியிறங்கினார். மருமகள் பின்னாலேயே ஓடினாள். பஸ் நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மாமியார் கைப்பையைத் திறந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். திங்கட்கிழமை முதல் தையல் பிரிவின் சூப்பர்வைசர் என்று கையெழுத்தோடு இருந்தது.

மருமகளுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. "என்னென்ன கேட்டாங்க அத்தை?"

"உங்க வேலையைப் பத்திச் சொல்லுங்கன்னாரு. நம்ம பையன் வயசுதான் இருக்கும் அவருக்கு. தையல்காரிகள் குண்டூசியை வாய்ல வைப்பாங்க, சூப்பர்வைசர்கள் எடு எடுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்கன்னு சொன்னேன். சிரிச்சாரு. அவங்க அம்மாவும் தைக்கிறவங்களாம். அப்புறம் ஆர்டர் தாள் ஒண்ணைக் குடுத்துப் படிக்கச் சொன்னாரு. தட்டுத் தடுமாறித்தான் படிச்சேன். பரவால்லன்னாரு."

"அவ்வளவுதானா?"

"கடைசியா ஒண்ணு கேட்டாரு." மாமியார் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நல்லா வேலை செய்யற ஒருத்தி பெரிய தப்பு ஒண்ணு பண்ணிட்டு, அவளே வந்து ஒத்துக்கிட்டா என்ன செய்வீங்கன்னு."

மருமகள் மடித்துக்கொண்டிருந்த காகிதத்தை அப்படியே பிடித்துக்கொண்டாள். "நீங்க என்ன சொன்னீங்க?"

"திட்டுவேன், ஆனா என் கூடவே வச்சுப்பேன்னு சொன்னேன். புஸ்தகத்துல இல்லாத வாக்கியம். நானே கட்டினது."

"அதுக்கு அவரு?"

"சொல்றது சுலபம்மா, செய்யறதுதான் கஷ்டம்னாரு," என்று சொல்லிவிட்டு மாமியார் இப்போதுதான் அவள் பக்கம் திரும்பினார். "இந்த வாரம்தான் எங்க வீட்ல செஞ்சேன் சார்னு சொன்னேன்."